கோட்டுக்குக் கீழே

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், துணி துவைக்கிறேன். நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அப்பாவுக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறதா? அத்தானுக்கு இருமல் நின்றதா?

போனில் நான் "ம்", "சரி" தவிர வேறு எதுவும் பேசுவதில்லை என்று நீ திட்டியதால் எழுதுகிறேன். எங்கள் கூடம் பெரியது. முன்பு நாற்பது பேர் இருந்தார்களாம். இப்போது பன்னிரண்டு பேர். மற்ற மேசைகளின் மேல் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். கடைசியாக எடுத்த ஆள் நான்தான். எனக்குப் பிறகு யாரையும் எடுக்கவில்லை.

வேலை இதுதான். நம் நலத்துறையிலிருந்து மக்களுக்குப் போகும் கடிதங்களை, உதவி உண்டு, இல்லை, நிறுத்தப்பட்டது, எல்லாவற்றையும் இப்போது கம்ப்யூட்டரே முடிவு செய்து எழுதுகிறது. நாங்கள் படித்துவிட்டு "சரி" அல்லது "தவறு" என்று அழுத்த வேண்டும். தவறு என்றால் ஏன் என்று இரண்டு வரி எழுத வேண்டும். கூடத்தில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். ஏதாவது தப்புச் செய்தால்கூட யாரும் முகம் சுளிக்கக் கூடாது, உபசாரம் மட்டும் குறையாமல் நடக்க வேண்டும். வேறென்ன பெயர் வைப்பது?

ஆகஸ்ட் கடைசியில் நிரந்தரப் பட்டியல் போடுவார்கள். அதில் வந்துவிட்டால் பிழைத்தேன்.

அப்பாவை மருந்து தவறாமல் சாப்பிடச் சொல்.

உன் தம்பி


ஜனவரி 20

தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் அத்தானின் இருமல் நின்றுவிட்டது, பேச்சுத்தான் நிற்கவில்லை. அப்பாவுக்கு வீக்கம் இருக்கிறது, ஆனால் டயாலிசிஸ் முடிந்து வரும் நாளில் முகம் தெளிவாக இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் துறையின் வண்டி வாசலுக்கே வருகிறது. அவரும் விருந்துக்குப் போகிறவர் மாதிரி சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார்.

உன் கடிதத்தை அவருடைய மாடி வீட்டுக்குக் கொண்டுபோனேன், மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். மருந்துக்கடைக்காரரிடம் போய், "என் பையன் பார்க்காம ஒரு லெட்டர்கூட வெளிய போகாதுங்க" என்று அளந்திருக்கிறார். அந்த மனுஷர் வேறு வழியில்லாமல் தலையாட்டியிருக்கிறார்.

நான் துணிக்கடையில் பில் போடுகிறேன். என் பழைய நலத்துறை ஆபீஸ் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. நான் உட்கார்ந்திருந்த கவுன்டரை அடைத்து, சுவரில் ஒரு திரையைப் பதித்திருக்கிறார்கள். என்னை மாதிரி அதுவும் சில நாள் எரிந்து விழுந்தால் பரவாயில்லை. அது எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறது, அவ்வளவுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருப்பதால் நீ எதையாவது மறைத்தால் எனக்கும் மறைந்துபோகும். அவர் காதுக்குப் போகக் கூடாததை, ஒரு கோடு போட்டு அதற்குக் கீழே எழுது. கோட்டுக்கு மேலே உள்ளது அவருக்கு, கீழே உள்ளது எனக்கு.

தலைக்கு எண்ணெய் வை. போட்டோவில் பார்க்கச் சகிக்கவில்லை.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கும் அப்பாவுக்கும்,

எனக்கு ஒரு குறையுமில்லை. எண்ணெய் வைத்தேன். மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து, "நல்லா படிச்சுப் பார்த்துப் போடுற தம்பி நீ" என்றார். அப்பா, உப்பைக் குறையுங்கள். அக்கா இல்லாத நேரம் பார்த்து ஊறுகாய் பாட்டிலைத் திறப்பது எனக்கும் தெரியும்.

————

அக்கா, இது உனக்கு.

பக்கத்து மேசையில் ஒருவர் இருக்கிறார், தடித்த கண்ணாடி. இருபது வருஷ சர்வீஸ். போன வாரம் நான் ஒரு கடிதத்துக்குத் "தவறு" அழுத்தப் போனபோது என் கையைப் பிடித்துவிட்டார். "அது எங்க பங்கு. அதுல கை வைக்காதே" என்றார்.

விஷயம் இது. உதவி வாங்குபவர் வீடு மாறுகிறார் என்று வைத்துக்கொள். புது விலாசம் கொடுத்துவிடுகிறார். ஆனால் வண்டி ஒரு தடவை பழைய வீட்டுக்குப் போய், கதவு பூட்டியிருக்க, "ஆள் இல்லை" என்று எழுதிக்கொண்டு திரும்புகிறது. மாப்பிள்ளை இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இவர் ஊரைவிட்டே போய்விட்டார், இனி உதவி வேண்டாம் என்று நிறுத்தக் கடிதம் எழுதிவிடும். சுத்தமான தப்பு. நாம் "தவறு" போட்டுக் காரணம் எழுதினால் மறுநாளே கற்றுக்கொள்ளும். அப்படிக் கற்றுக்கொடுத்துக் கற்றுக்கொடுத்துத்தான் நாற்பது பேர் பன்னிரண்டு ஆனார்கள்.

அதனால் கூடத்தில் எல்லோரும் பேசிவைத்திருக்கிறார்கள். இந்த ஒரு தப்பை மட்டும் கற்றுக்கொடுப்பதில்லை. "சரி" போட்டுவிடுவோம். கடிதம் அச்சாகி அனுப்புகைப் பிரிவுக்குப் போகும். அங்கே இருக்கும் அம்மா அதைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, வண்டி டிப்போவுக்குப் போன் போட்டு, புது விலாசத்துக்கு வண்டியை ஓட்டச் சொல்லிவிடுவார். யாருக்கும் நஷ்டமில்லை. எங்களை விட்டுவிட்டு மாப்பிள்ளையை மட்டும் ஓடவிட்டுச் சோதித்துப் பார்த்த மாதம் மட்டும் புகார் குவிந்ததாம். அதனால்தான் எங்களை இன்னும் உட்கார வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இது பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை. நீ என்ன நினைக்கிறாய்?

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

எல்லோரும் நலம். ஊறுகாய் பாட்டிலைப் பற்றி வாசித்தபோது அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "இவனுக்கு அங்க உட்கார்ந்துகிட்டு இதெல்லாம் எப்படித் தெரியுது?" என்றார். பாட்டிலை நான் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

————

என்ன நினைக்கிறேன் என்று கேட்டாய். கவுன்டரில் இருந்தபோது நானும் இப்படி எத்தனையோ செய்திருக்கிறேன். தவறாக வந்த கடிதத்தை மேசைக்கடியில் போட்டுவிட்டு, "நீங்க போங்கம்மா, நான் பார்த்துக்கறேன்" என்று அனுப்பியிருக்கிறேன். ஆபீஸ் ஓடியதே அப்படித்தான். அதனால் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் எல்லாம் அந்த ஒரு அம்மாவின் கையில் தொங்குகிறதே, அதுதான் உறுத்துகிறது. அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தால்?

ஆகஸ்ட் வரை வாயைத் திறக்காமல் இரு. நிரந்தரமான பிறகு மற்றதைப் பார்க்கலாம். சம்பளம் வருகிற ஒரு ஆளாவது வீட்டில் நிலையாக இருக்கட்டும்.

உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா


மே 18

அன்புள்ள அப்பாவுக்கும் அக்காவுக்கும்,

சுகம்தான். வெயிலுக்கு வேர்க்குரு வந்திருக்கிறது, வேறொன்றுமில்லை. வேலை அதிகம், அதனால்தான் எழுதத் தாமதம். அப்பா, உங்கள் மருந்துக்கடைக்காரரிடம் சொல்லுங்கள், இப்போது ஒரு நாளில் நான் பார்க்கும் கடிதங்களை அவர் ஆயுளில் பார்த்திருக்க மாட்டார்.

————

அக்கா, உன் வாய்க்குச் சர்க்கரை போட மாட்டேன். அனுப்புகைப் பிரிவை மூடிவிட்டார்கள். அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் வரவில்லை, வேலைதான் போனது. திங்கட்கிழமை வந்தபோது அறைக்குப் பூட்டுப் போட்டிருந்தது. அவருடைய டிபன் பாக்ஸ் உள்ளே மாட்டிக்கொண்டது. அதைக் கேட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

இனிமேல் நாங்கள் "சரி" அழுத்தினால் கடிதம் நேராக ஆள் கைக்குப் போகும். டிப்போவுக்கும் அப்படியே. நடுவில் எடுத்து வைக்க யாரும் இல்லை. கூடத்தில் இப்போது ஐந்து பேர்.

"எங்க பங்கை என்ன செய்யறது?" என்று கண்ணாடிக்காரரிடம் கேட்டேன். "இப்ப போய்த் தவறுன்னு போட்டா, இத்தனை நாள் இதே மாதிரி கடிதத்துக்கெல்லாம் சரின்னு போட்ட கை யாருதுன்னு தேடுவாங்க. அத்தனையும் பதிவுல இருக்கு. பட்டியல் வரட்டும்" என்றார். பட்டியல் வரும்வரை "சரி" போடுகிறோம். டிப்போவில் ஒரு ஆளைப் பிடித்து வாரம் ஒரு முறை வாய்மொழியாகச் சொல்லிவிடுகிறோம். சிலதுக்கு நடக்கிறது. சிலதுக்கு நடக்கிறதா என்று தெரியவில்லை.

தம்பி


ஜூன் 21

தம்பிக்கு,

நாங்கள் நலம். வேர்க்குருவுக்குப் பவுடர் போட்டுக்கொள், சொறியாதே. முக்கியமான செய்தி, அப்பா தன் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்துவிட்டார். அந்த மாடிப்படி அவரால் முடியவில்லை. உன் அத்தான் முதுகில் தூக்கி இறக்கினார். இருவரும் வழி முழுக்கச் சண்டை. இங்கே தரைத்தளம்; வாசலிலேயே நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறோம், போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி உன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

————

விலாசம் மாறியதைத் திரையில் நானே பதிந்துவிட்டேன். டிப்போவுக்கும் போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. அன்றைக்கு வண்டி பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. அடுத்த முறையிலிருந்து இங்கே வருகிறது.

நீ மார்ச்சில் எழுதியது எனக்கு மறக்கவில்லை. அப்பாவின் கடிதம் உங்கள் கூடத்துக்குத்தான் வரும். ஐந்து பேரில் ஒருவர் கையில் வரும். பார்த்துக்கொள்.

அக்கா


ஜூலை 19

அன்புள்ள அப்பாவுக்கும் அக்காவுக்கும்,

நான் நலம். வேர்க்குரு போய்விட்டது. புது இடம் அப்பாவுக்கு ஒத்துக்கொண்டதா? இங்கே இரண்டு நாள் மழை. கூடத்தில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். வண்டி விஷயமாகக் கவலைப்பட வேண்டாம். நான் இருக்கிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 3

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். அப்பாவுக்கு வீக்கம் கூடியிருக்கிறது. வண்டி நின்றுவிட்டது. பழைய வீட்டுக்காரர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். "தங்கள் இடமாற்றத்துக்கு வாழ்த்துகள்" என்று ஆரம்பித்து, உதவி நிறுத்தப்பட்டது என்று முடிகிறது. உன் ஆபீஸில் யாரோ தவறாக அனுப்பிவிட்டார்கள், உன்னிடம் சொன்னால் சரியாகிவிடும் என்று அப்பா நிதானமாக இருக்கிறார். வாடகைக் காரில் இரண்டு தடவை கூட்டிப்போனோம்.

————

போன் செய்தால், "ம், பார்க்கிறேன்." வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வாங்கி வைத்துவிடுகிறார்கள் என்கிறாய். சரி. உன் போன கடிதத்தில் கோடே இல்லையே, ஏன்? என்னிடம் சொல்ல ஒன்றுமே இல்லையா?

நேற்று பழைய ஆபீஸுக்குப் போனேன். திரை முன்னால் வரிசை வாசல்வரை நிற்கிறது. பாதிப்பேர் கையில் அதே வாழ்த்துக் கடிதம். ஒரு அம்மா திரையிடம் கைகூப்பி அழுதுகொண்டிருந்தார். அது திரும்ப வணக்கம் சொன்னது.

நேராகவே கேட்கிறேன். அப்பாவின் கடிதத்துக்குச் "சரி" போட்டது யார்?

அக்கா


ஆகஸ்ட் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். வரும் வெள்ளிக்கிழமைக்குள் வண்டி வந்துவிடும். நானே ஏற்பாடு செய்திருக்கிறேன். நம் ஆபீஸ்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன். தைரியமாக இருங்கள்.

————

அக்கா, நான்தான்.

ஜூலையில் வந்தது. என் திரையில்தான் வந்தது. அப்பாவின் பெயரை இரண்டு தடவை படித்தேன். பட்டியலுக்காக எங்கள் வேலையை எடைபோட்டுக்கொண்டிருந்த வாரம் அது. நாங்கள் மூன்று பேர்தான் மிச்சம். மேற்பார்வையாளர் எங்களுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தார். "தவறு" அழுத்தினால் பழையதெல்லாம் வெளியே வரும். மூன்று பேருக்கும் சீட்டுக் கிழியும், மோசடி என்று எழுதி அனுப்பினால் வேறு எங்கேயும் வேலை கிடைக்காது. டிப்போ ஆளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து "சரி" போட்டேன். மறுநாள் பார்த்தால் அந்த டிப்போ ஆளும் இல்லை.

அனுப்புகை அம்மாவின் வீட்டைத் தேடிப் போனேன். டிப்போ மேலாளர் அவருக்கு உறவாம். வெள்ளிக்கிழமைக்குள் பேசி முடித்துத் தருகிறேன் என்றார். உறுதி என்று சொல்ல முடியாது. அதனால் அதுவரை ஒரு நாளும் தவறாமல் அப்பாவை வாடகைக் காரில் கூட்டிப்போ. செலவை நான் அனுப்புகிறேன். என்னைத் திட்டு, ஆனால் அவரைக் கூட்டிப்போ.

தம்பி


செப்டம்பர் 6

அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கேட்கத்தான் செய்கிறேன். நீ சாப்பிடுகிறாயா?

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தான்தான் பஸ் ஏற்றிவிட்டார். கோடு போடாமல் எழுதுகிறேன், இனி யாருக்கு மறைப்பது?

திரும்பி வந்த அன்றே வேலைக்குப் போனேன். எனக்கு அனுதாபக் கடிதம் வந்திருந்தது, மாப்பிள்ளை எழுதியதுதான், யாரோ "சரி" போட்டிருக்கிறார்கள். அதற்கடுத்து என் திரையில் வந்தது ஒரு நிறுத்தக் கடிதம். யாரோ ஒரு அம்மா, வீடு மாறியவர். "தவறு" அழுத்தினேன். ஏன் என்று கேட்டது. "வீடு மாறினால் ஆள் இல்லாமல் போவதில்லை" என்று எழுதினேன். மேலே போய், இதுவரை நாங்கள் செய்ததையெல்லாம் சொன்னேன்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை, நிறுத்தப்பட்ட அத்தனை பேரையும் தானே தேடி எடுத்து, திரும்பவும் வண்டி அனுப்ப ஆரம்பித்துவிட்டது. நாங்கள் பயந்து பயந்து மறைத்ததை அது ஒரு ராத்திரியில் கற்றுக்கொண்டது. கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். கண்ணாடிக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் போனார். பட்டியல் என்று ஒன்று கிடையவே கிடையாதாம். எப்படியும் மூடத்தான் இருந்தார்களாம்.

மேற்பார்வையாளரும் இதே கூடத்தில் கடைசி மேசையில் ஆரம்பித்தவர். "இனிமே கீழ்மேசையே இல்லேன்னா, உங்க சீட்டுக்கு நாளைக்கு எங்கிருந்து சார் ஆள் வரும்?" என்று கேட்டேன். "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் தம்பி" என்றார். என்னோடு படித்தவர்கள் இன்னும் இந்த வேலைக்குத்தான் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. வாடகைக் காரில் கூட்டிப்போகச் சொல்லி எழுதியிருந்தேனே. ஏன் கூட்டிப்போகவில்லை? கேட்க எனக்கு உரிமையில்லைதான்.

அறையைக் காலி செய்ய வேண்டும். நான் வீட்டுக்கு வரலாமா?

தம்பி


செப்டம்பர் 27

தம்பிக்கு,

சாப்பிடுகிறேன். வேலைக்குப் போகிறேன். உன் அத்தான் பேச்சைக் குறைத்துவிட்டார்.

ஏன் கூட்டிப்போகவில்லை என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

உன் கடிதத்தின் மேல்பாதியை வாசித்தேன். கீழ்ப்பாதியை நான் மட்டும் படித்தேன். அன்றைக்கே கார் பிடித்து வந்தார் உன் அத்தான். முன்பு இரண்டு தடவை ஏறிய அப்பா, நீ வண்டி ஏற்பாடு செய்திருக்கிறாய் என்று கேட்ட பிறகு ஏற மாட்டேன் என்றார். "சொந்தக் கார்ல வந்தார்னு ஆஸ்பத்திரியில எழுதுவாங்க. அப்ப இவங்களுக்கு வண்டி தேவையில்லைன்னு ஆகிடும். பையன் ஏற்பாடு பண்ணினது பொய்யின்னு ஆகிடும். நிரந்தரம் ஆகப்போற நேரத்துல அவனுக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுக்கச் சொல்றியா?" என்று கேட்டார். கெஞ்சினேன், கத்தினேன். உன் அத்தான் தூக்கப்போனபோது கதவைப் பிடித்துக்கொண்டார்.

அவன்தான் நிறுத்தினான் அப்பா, உங்கள் பையன்தான் "சரி" போட்டான் என்று நான் சொல்லியிருந்தால் ஏறியிருப்பார். நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. அதில் பாதி என் பாவம். அதை உன்மேல் போட மாட்டேன்.

தினமும் காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை வரை மூன்று முறை டயாலிசிஸ் தவறியது. வெள்ளிக்கிழமையும் வண்டி வரவில்லை. மூச்சு வாங்கியபோதுகூட, "வந்துகிட்டே இருக்கும்மா" என்றார். மயங்கிய பிறகுதான் தூக்க முடிந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் எப்படி வந்தீர்கள் என்று கேட்டார். "வாடகைக் கார்" என்றேன், எழுதிக்கொண்டார்.

உன் வேலை போனது அவருக்குத் தெரியாது. மற்றதும் தெரியாது.

வராதே என்று எழுதிக் கிழித்தேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. அதனால்தான் பதில் தாமதம். வா. உன்மேல் எனக்கு இருக்கும் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வராதே. அது போகவில்லை. வாசலில் அப்பா உட்கார்ந்த நாற்காலி இன்னும் அங்கேயே கிடக்கிறது. எனக்கு எடுக்கக் கை வரவில்லை, உன் அத்தானையும் எடுக்க விடவில்லை.

நீ வந்து எடு.

அக்கா